அந்தரங்கத்தில் பார்க்கிறவர்: பாராட்டப்படாத நற்கிரியைகளைக் குறித்து ஒரு பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "பல ஆண்டுகளாகச் சபையிலும் வேலை செய்யும் இடத்திலும் என்னால் இயன்ற நன்மைகளைச் செய்துவருகிறேன். ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சில வேளைகளில் நான் செய்த வேலைக்கு வேறொருவர் பாராட்டுப் பெறுகிறார். மனம் நோகிறது. ஒரு விசுவாசி இப்படி வருத்தப்படுவது பெருமையா, பாவமா? தேவன் உண்மையாகவே இவற்றைப் பார்க்கிறாரா? நான் இதைத் தொடரத்தான் வேண்டுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "மனுஷருடைய புகழை எதிர்பார்க்காதீர்கள், கர்த்தருக்கென்று செய்யுங்கள்" என்பதாகும். அது வேதத்தில் உள்ள சத்தியம்தான். ஆனால் காயப்பட்டு நிற்கிற ஒருவரிடம் அதை அவசரமாகச் சொல்லும்போது, உன் வருத்தத்தை இங்கே பேசாதே என்றே அவர் காதில் விழுகிறது. ஆகவே முதலாவது, வருத்தப்படுவது பாவமா என்பதையே எடுத்துக்கொள்கிறேன். என் பதில்: பாவம் இல்லை. இதற்கு ஆதாரமாக லூக்கா சுவிசேஷத்தின் 17ஆம் அதிகாரத்தைக் காட்டுவேன். அந்த அதிகாரத்தை நாம் பொதுவாகப் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்.

அதிகாரத்தின் 10ஆம் வசனம் நன்றாக அறியப்பட்டது. கட்டளையிடப்பட்ட யாவற்றையும் செய்து முடித்தபின், "நாங்கள் அப்பிரயோஜனமான ஊழியக்காரர், செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம்" என்று சொல்லுங்கள் என்கிறார் இயேசு. இதைக் கேட்டவுடன், நன்றியை எதிர்பார்ப்பதற்கே நமக்கு இடமில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் அதற்கு அடுத்த வசனத்திலேயே பத்துக் குஷ்டரோகிகளின் சம்பவம் தொடங்குகிறது. பத்துப் பேரும் சுத்தமானார்கள். ஒருவன்மாத்திரம், அதுவும் ஒரு சமாரியன், திரும்பிவந்து நன்றி சொன்னான். அப்பொழுது இயேசு, "சுத்தமானவர்கள் பத்துப்பேர் அல்லவா, மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று கேட்டார். தம்முடைய சீஷர்களுக்கு நன்றியை எதிர்பாராத மனதைக் கற்பித்த அதே ஆண்டவர், நன்றி சொல்லப்படாதபோது அதைக் கவனித்தார், வாய்விட்டுக் கேட்டார், எத்தனைபேர் வரவில்லை என்று எண்ணியும் சொன்னார். அவர் தேடியது தேவனுக்குச் செலுத்தப்படவேண்டிய மகிமையை என்பது மெய்தான். ஆயினும், திரும்பி வராத ஒன்பது பேரை ஒரு பொருட்டாக எண்ணாத இருதயம் அவருடையதாக இருக்கவில்லை.

முதற்பகுதியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. "அப்பிரயோஜனமான ஊழியக்காரர்" என்பது ஊழியக்காரன் தன்னைக்குறித்துத் தானே சொல்லிக்கொள்ளும் வார்த்தை. ஒரு சபைத் தலைவரோ, மேலாளரோ, குடும்பத்தாரோ மற்றொருவரைப் பார்த்துச் சொல்லும்படி அது கொடுக்கப்படவில்லை. அதே சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில், விழித்திருந்த ஊழியக்காரரை எஜமான் பந்தியிருக்கச்செய்து, தாமே அரைகட்டிக்கொண்டு அவர்களுக்கு ஊழியஞ்செய்வார் என்று இயேசு வாக்குக் கொடுக்கிறார். ஊழியக்காரன் தன்னைப்பற்றிச் சொல்வது ஒன்று, எஜமான் அவனுக்குச் செய்வது முற்றிலும் வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் நம்மில் அநேகர் வீணாகக் குற்றவுணர்வில் உழலுகிறோம்.

இனி மத்தேயு 6ஆம் அதிகாரத்துக்கு வருவோம். தர்மஞ்செய்யும்போது தாரை ஊதுவிக்கிற மாயக்காரரைப்பற்றி, "அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்கிறார் இயேசு. இங்கே பயன்படுத்தப்படும் கிரேக்கச் சொல், அக்காலத்து வணிகர்கள் பாப்பிரஸ் தாளில் எழுதிக்கொடுத்த ரசீதுகளில் காணப்படும் சொல். "தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று பொருள். மாயக்காரர் விரும்பியது மனுஷருடைய புகழ். அது கிடைத்துவிட்டது, ரசீதும் எழுதியாயிற்று, கணக்கு முடிந்தது. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் நிலையைப் பாருங்கள். நீங்கள் செய்த நன்மைக்கு இன்னும் ஒருவரும் ரசீது கொடுக்கவில்லை. அப்படியானால் அந்தக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது, அதை வைத்திருக்கிறவர் "அந்தரங்கத்தில் பார்க்கிற உன் பிதா".

இந்தப் பகுதியில் இயேசு, பலனை விரும்பாதே என்று எங்குமே சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காணப்பட வேண்டும், அறியப்பட வேண்டும் என்கிற ஏக்கத்தை அவர் மனிதனிடமிருந்து பிடுங்கிப்போடவில்லை. அந்த ஏக்கம் யாரை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும் என்பதையே அவர் திருத்துகிறார். பிள்ளை தன் தகப்பன் பார்க்க வேண்டும் என்று விரும்புவதில் இழிவு எதுவும் இல்லை. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்தப் பிதா "வெளியரங்கமாய்ப் பலனளிப்பார்" என்று இருக்கிறது. மிகப் பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் "வெளியரங்கமாய்" என்ற அந்தச் சொல் இல்லை. பிதா பலனளிப்பார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உங்களைப் புறக்கணித்தவர்களின் கண்முன்னே, இந்த உலகத்திலேயே, ஒரு மேடையில் அது நடக்கும் என்று அந்த வசனத்தை வைத்து ஒருவருக்கு உறுதிகூறுவது சரியாகாது.

இவ்விடத்தில் சிலருக்கு ஒரு தடுமாற்றம் வரும். இரட்சிப்பு கிருபையினால் உண்டானது என்றால், கிரியைக்குப் பலன் என்ற பேச்சு எப்படி வரலாம்? எபேசியர் 2ஆம் அதிகாரம் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது: 8ஆம் 9ஆம் வசனங்களில் இரட்சிப்பு கிரியைகளினால் உண்டானதல்ல என்கிறது, 10ஆம் வசனத்தில் நற்கிரியைகளைச் செய்வதற்கே நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது. நற்கிரியை தேவனுடைய அன்பை வாங்குவதற்கான விலை ஆகாது. அந்த அன்புக்குள் ஏற்கெனவே இருக்கிறவர்கள் நடக்கும் வழி அது. இதைத் தலையால் ஒப்புக்கொள்வது எளிது. இருதயத்தால் ஒப்புக்கொள்ளாமல் பல ஆண்டுகள் ஊழியஞ்செய்யவும் கூடும். அப்படி ஒருவனைத்தான் லூக்கா 15ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

கெட்ட குமாரனின் உவமையில் மூத்த மகனை நாம் பெரும்பாலும் வில்லனாகவே பார்த்துப் பழகிவிட்டோம். நான் அவனை அப்படிப் பார்ப்பதில்லை. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவந்த இளைய மகனுக்காக வீட்டில் ஆடலும் பாடலும் தொடங்கியபோது அவன் எங்கே இருந்தான்? வயலில். விருந்து நடக்கிறது என்ற செய்தியே அவனுக்கு ஒரு வேலைக்காரன் சொல்லித்தான் தெரியவந்தது. வேலை செய்துகொண்டிருந்தவனை ஒருவரும் போய் அழைக்கவில்லை. "இத்தனை வருஷகாலமாய்" என்று அவன் தொடங்கும்போது, பல வருடங்களாக அடக்கிவைத்திருந்தது வெளியே வருகிறது. ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தனக்குக் கொடுக்கப்படவில்லை என்கிறான். உங்கள் கேள்வியும் ஏறத்தாழ இதுதான்.

தகப்பன் என்ன செய்தான் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். இளைய மகனுக்காக வெளியே ஓடிய தகப்பன், மூத்த மகனுக்காகவும் வெளியே வந்தான். விருந்தினர் உள்ளே இருக்க, வீட்டு எஜமான் வாசலுக்கு வெளியே நின்று மகனை வருந்தி அழைக்கிறான். பொறாமைக்காரனே என்று கடிந்துகொள்ளவில்லை. நீ செய்த வேலையெல்லாம் ஒன்றுமில்லை என்றும் சொல்லவில்லை. "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறான். மூத்தவன் பேசியது கூலிக்காரனின் பேச்சு. தகப்பன் அவனை அழைத்தது மகன் என்று. ஆட்டுக்குட்டி கிடைக்காததைவிட, தகப்பனோடேயே இருந்த அத்தனை வருடங்களையும் அவன் வேலைநாட்களாக மாத்திரம் எண்ணிவைத்திருந்ததே அவனுடைய பெரிய இழப்பு என்று எனக்குப் படுகிறது. அவன் உள்ளே போனானா என்பதை இயேசு சொல்லாமலே உவமையை நிறுத்திவிடுகிறார். உங்கள் வருத்தத்தை ஜெபத்தில் அப்படியே சொல்லுங்கள் என்று நான் கூறுவதற்குக் காரணம் இதுவே. மூத்தவன் பேசியதில் மரியாதை குறைவு, கசப்பு அதிகம். ஆனாலும் அவன் அதைத் தகப்பனிடம் பேசினான், தகப்பன் நின்று கேட்டான்.

தேவன் உண்மையாகவே பார்க்கிறாரா என்பது அடுத்த கேள்வி. "உங்கள் கிரியையையும் அன்புள்ள பிரயாசத்தையும் மறந்துவிடுகிறதற்குத் தேவன் அநீதியுள்ளவரல்ல" என்கிற கருத்தை எபிரெயர் 6:10 நேரடியாகச் சொல்லுகிறது. மறப்பது அநீதி என்று இங்கே வேதமே சொல்வதைக் கவனியுங்கள். ஆனால் அவர் நினைவுகூருவது எப்பொழுது வெளிப்படும் என்பதில் வேதம் நமக்கு ஒரே மாதிரியான கதைகளைத் தரவில்லை. யூதனான மொர்தெகாய் பெர்சிய ராஜாவின் உயிரைக் காப்பாற்றினான். அது அரண்மனையின் நாளாகமப் புத்தகத்தில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். எஸ்தர் புத்தகம் தரும் ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால், சில ஆண்டுகள் கழித்தே ராஜாவுக்குத் தூக்கம் வராத ஓர் இரவில் அந்தப் பக்கம் வாசிக்கப்பட்டது. அவனுக்கு என்ன செய்யப்பட்டது என்று ராஜா கேட்க, ஒன்றும் செய்யப்படவில்லை என்ற பதில் வந்தது. அன்றைக்கு அவனுக்குக் கனம் கிடைத்தது. இந்தச் சம்பவத்தை வைத்துப் பிரசங்கிப்பவர்கள் அநேகர். பிரசங்கி 9ஆம் அதிகாரத்தில் வரும் ஏழையைப்பற்றிப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. பெரிய ராஜா ஒருவன் ஒரு சிறு பட்டணத்தை முற்றுகையிட்டபோது, ஞானமுள்ள ஓர் ஏழை தன் ஞானத்தினால் அதை விடுவித்தான். பின்பு அந்த ஏழையை ஒருவரும் நினைக்கவில்லை. கதை அங்கேயே முடிகிறது. தூங்காத இரவும் இல்லை, வாசிக்கப்படும் புத்தகமும் இல்லை. வேதம் இரண்டையும் மறைக்காமல் வைத்திருப்பதால்தான் அதன் ஆறுதலை என்னால் நம்ப முடிகிறது.

சரித்திரத்திலும் இப்படித்தான். பிர்னோ நகரத்து அகஸ்தீனியத் துறவியான கிரெகோர் மெண்டல், மடத்துத் தோட்டத்தில் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து, பொறுமையாக எண்ணி, பாரம்பரியப் பண்புகள் எப்படிக் கடத்தப்படுகின்றன என்பதைக் கண்டறிந்தார். 1865இல் இரண்டு கூட்டங்களில் வாசித்தார், 1866இல் அது அச்சானது. உலகம் கவனிக்கவில்லை. 1884இல் ஒரு மடாதிபதியாக அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய வேலையின் மதிப்பு 1900இல்தான் மூன்று விஞ்ஞானிகள் வழியாக வெளிவந்தது. அவருக்காவது அச்சிட்ட தாள் ஒன்று மிஞ்சியிருந்தது. நோயாளியின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருந்ததற்கு எந்தத் தாளும் மிஞ்சுவதில்லை. அதற்காகவே பவுல் 1 கொரிந்தியர் 4:5இல், கர்த்தர் வரும்போது "அவனவனுக்குரிய புகழ்ச்சி தேவனால் உண்டாகும்" என்று எழுதுகிறார். மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் நீதிமான்களோ இன்னும் ஒருபடி மேலே போகிறார்கள். ராஜா அவர்களுடைய நன்மைகளைச் சொல்லிக்காட்டும்போது, "ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது" என்று கேட்கிறார்கள். செய்தவர்களே மறந்துவிட்டதை அவர் மறக்கவில்லை.

இதுவரை சொன்னது பாராட்டப்படாத மனிதரை நோக்கி. பாராட்டாமல் விட்டவர்களைப்பற்றியும் பேசாமல் போனால் இந்தப் பதில் நீதியாக இருக்காது. "கனம்பண்ணுகிறதிலே ஒருவருக்கொருவர் முந்திக்கொள்ளுங்கள்" என்று ரோமர் 12:10 கட்டளையிடுகிறது. அதை எழுதியவர் தாமே 16ஆம் அதிகாரத்தில் அதைச் செய்துகாட்டினார். அங்கே 20க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர்சொல்லி வாழ்த்து அனுப்புகிறார். "கர்த்தருக்குள் மிகவும் பிரயாசப்பட்ட" பெர்சியாள் என்ற ஒரு ஸ்திரீயைப்பற்றி அந்த ஒரு வரியைத் தவிர வேறெதுவும் நமக்குத் தெரியாது. பவுல் பெயரைக் குறிப்பிடாமல் இருந்திருந்தால் அதுவும் இருந்திராது. சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டிருந்த தெர்தியுவுக்கும் தன் பெயரில் ஒரு வாழ்த்துச் சொல்ல இடம் கிடைத்தது. நன்றி சொல்லாமல் இருந்துவிட்டு, "பலன் பரலோகத்தில் இருக்கிறது" என்று ஆறுதல் கூறும் சபை, தன் கடனைத் தேவனுடைய பெயரில் எழுதிவைக்கிறது.

கூலி, பதவி, உரிமை சம்பந்தப்பட்ட இடத்தில் இது இன்னும் கடுமையான விஷயம். "எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற கொலோசெயர் 3:23 அடிமைகளுக்கு எழுதப்பட்டது. அடுத்த வசனம் அவர்களுக்குச் சுதந்தரத்தின் பலனை வாக்களிக்கிறது. ரோமச் சட்டத்தில் ஓர் அடிமை தன் பெயரில் எதையும் சுதந்தரிக்க முடியாத காலத்தில் எழுதப்பட்ட வார்த்தை அது. அதோடு நிற்காமல் 4:1 எஜமான்களை நோக்கித் திரும்பி, நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்கிறது. வேலைக்காரருடைய பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்லும்போது, அந்த வேலைக்காரரை அமைதியாயிருங்கள் என்று அடக்கவில்லை. பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடித்துச் சிறையிலிட்டவர்கள் இரகசியமாக விடுவிக்க முயன்றபோது, பவுல் அதற்கு இணங்காமல், அவர்களே வந்து தங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். ஆகையால் உங்கள் வேலையை வேறொருவர் தன்னுடையது என்று காட்டிக்கொள்கிறார் என்றால், அதை உரியவரிடம் அமைதியாகவும் தெளிவாகவும் எடுத்துச்சொல்வது விசுவாசக் குறைவு ஆகாது. பழிவாங்கும் மனதோடு போகாமல் உண்மையைச் சொல்லும் மனதோடு போவதுதான் அங்கே முக்கியம்.

தொடர வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி. இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. கலாத்தியர் 6:9 சோர்ந்துபோகாமல் இருப்போமாக என்கிறது; மாற்கு 6:31இல் அதே கர்த்தர் தனித்துச் சற்றே இளைப்பாறுங்கள் என்று சீஷரை அழைக்கிறார். ஒரு பொறுப்பிலிருந்து சில மாதங்கள் விலகியிருப்பது, தேவனை விட்டு விலகுவது ஆகாது. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசியான எலியா சூரைச்செடியின்கீழ்ப் படுத்து, போதும் என்று சொன்னபோது, அவனுக்கு முதலில் கிடைத்தவை அப்பமும் தண்ணீரும் தூக்கமும்தான். புத்திமதி பிறகு வந்தது.

அந்தப் புத்திமதிக்குள் இருக்கும் ஒன்று என்னை நீண்டகாலம் உறுத்தியது. "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்கிறான் எலியா. பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் இருக்கிறார்கள் என்கிறார் கர்த்தர். அவர்களில் ஒருவனை எலியா நேரிலேயே சந்தித்திருந்தான். ஆகாப் ராஜாவின் அரண்மனை விசாரிப்புக்காரனான ஒபதியா, ராணி யேசபேல் கொல்லத் தேடிய நூறு தீர்க்கதரிசிகளைக் கெபிகளில் ஐம்பது ஐம்பதுபேராக ஒளித்துவைத்து, பஞ்சகாலத்தில் அப்பமும் தண்ணீரும் கொடுத்துப் பராமரித்தவன். உயிருக்குத் துணிந்து செய்த அந்த வேலையை அவன் எலியாவிடமே சொல்லி, இது உமக்கு அறிவிக்கப்படவில்லையா என்றும் கேட்டிருந்தான். எலியா அதைக் கேட்டான். அடுத்த அதிகாரத்திலேயே, தன்னைத் தவிர வேறொருவரும் இல்லை என்றான்.

நான் ஒரு சபையில் 9 ஆண்டுகள் கணக்கு எழுதினேன். ஆண்டுவிழா ஆராதனையில் ஊழியத்தில் உதவியவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது என் பெயர் இல்லை. காணிக்கை எண்ணி முடிக்க இரவாகிவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு, ஒருவரிடமும் பேசாமல் பின்புறத்து அறைக்குப் போனேன். அங்கே வயதான ஓர் அம்மையார் திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். விரல் நுனியளவு சிறிய கண்ணாடிக் கிண்ணங்கள். அடியில் உலர்ந்துபோன திராட்சரசத் துளியைத் துணியின் முனையைத் திரித்து உள்ளே விட்டுத் துடைப்பார். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப்பிடித்து, விளிம்பில் உதட்டுத் தடம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் மறுபடியும் தண்ணீரில் இடுவார். எத்தனை நாளாக இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். நான் அந்தச் சபைக்கு வருவதற்கு முன்பிருந்தே என்றார். அவருடைய பெயரும் வாசிக்கப்பட்டிருக்கவில்லை. அதைவிட, எனக்கே அவர் பெயர் தெரியாது. உடைந்த கிண்ணங்களுக்குப் பதிலாகப் புதியவை வாங்கிய செலவை ஒவ்வோர் ஆண்டும் நான் எழுதியிருக்கிறேன். அவற்றைக் கழுவுகிறவர் யார் என்று ஒருமுறையும் நான் கேட்டதில்லை.

பெயரைக் கேட்டேன். சொன்னார். உலர்ந்த துணி ஒன்றை என்னிடம் நீட்டி, "துடைத்து அடுக்கும்போது எண்ணிக்கொண்டே அடுக்குங்கள் தம்பி, ஒன்று குறைந்தாலும் அடுத்த முறை கடைசி வரிசையில் இருக்கிறவருக்கு இல்லாமல் போய்விடும்" என்றார். நாங்கள் எண்ணத் தொடங்கினோம்.